ஏட்டையாவுக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: நாங்கள் தக்கலை பக்கம். என் வீட்டுக்காரர் போலீசில் ஏட்டு, 42 வயது, 2005-ல் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரே பையன், ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் மார்த்தாண்டம் பக்கத்தில் ராத்திரி ரோந்தில் இருந்தபோது ஒரு பைக் விபத்து. இறந்தது பாலிடெக்னிக் படிக்கிற பையன். அவன் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, ஸ்கிரீனில் 'அம்மா' என்று வந்திருக்கிறது, எடுத்துப் பேசியது இவர்தான். அன்றிலிருந்து மனுஷன் பழைய மாதிரி இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு வியர்த்துப்போய் எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். போன் சத்தம் கேட்டாலே முகம் மாறுகிறது, சைலண்ட்டில் போட்டுவிடுகிறார், ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டது தெரியாமல் இரண்டு தடவை மெமோ வாங்கிவிட்டார். எப்போதாவது குடிப்பவர் இப்போது தினமும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். பையன் டியூஷன் முடிந்து கொஞ்சம் லேட்டாக வந்ததற்கு பெல்ட்டை எடுத்துவிட்டார். டாக்டரைப் பார்ப்போம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா, டிபார்ட்மெண்ட்ல தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது" என்கிறார். போன வாரம் சண்டை எதுவும் இல்லை, சோறு தின்றுகொண்டிருக்கும்போதே, "நான் போய்ச் சேந்தா ஒனக்கு ஒரு சர்க்கார் சோலியாவது கிட்டும்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்கிறார். நான் என்ன செய்ய? நீங்கள் எழுதுவதை அவரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன்.

பதில்: சகோதரி, கடைசியாக எழுதிய அந்த ஒரு வாக்கியத்தில் இருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். "நான் போய்ச் சேந்தா ஒனக்கு சோலி கிட்டும்" என்பது விளையாட்டுப் பேச்சாக இருக்க வாய்ப்பு குறைவு. கோபத்தில், குடிபோதையில், சண்டையில் வரும் பேச்சையே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். தான் உயிரோடு இருப்பது குடும்பத்துக்குப் பாரம், இல்லாமல் போனால் கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலையாவது கிடைக்கும் என்று ஒருவர் மனசு கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அது மனநல மருத்துவர்களான நாங்கள் மிகவும் கவலைப்படுகிற அறிகுறி. அவர் உங்களிடம் அதை வாய்விட்டுச் சொன்னது நல்லதுதான். சொல்லாமல் உள்ளேயே வைத்திருப்பவரை விட, சொன்னவரை நாம் காப்பாற்ற முடியும்.

அதனால் இன்றைக்கோ நாளைக்கோ, அவர் குடிக்காமல் இருக்கும் நேரம் பார்த்து, மாமியாரும் பையனும் பக்கத்தில் இல்லாதபோது, நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அண்ணைக்கு அப்பிடிச் சொன்னீங்களே, செத்துப் போயிரலாம்னு நெசமாவே தோணுதா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லா வீட்டிலும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு ஆசுவாசம்தான் வருகிறது. அவர் "ஆமா" என்றால் அழுது கூப்பாடு போடாமல், "புள்ளைய நெனச்சுப் பாத்தீங்களா" என்று குற்ற உணர்வை மேலே ஏற்றாமல், எப்போதிருந்து, எத்தனை தடவை, எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். "எனக்கு அந்தச் சோலி வேண்டாம், நீங்கதான் வேணும்" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கு தப்பு என்று வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அந்த நிலையில் இருக்கும் மனசு வாதத்துக்கு இறங்காது.

யோசித்து வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியாக விட வேண்டாம். அவருடைய அண்ணன் தம்பியோ, கூட வேலை பார்க்கும் நம்பிக்கையான ஒருவரோ துணைக்கு வரட்டும், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ராத்திரி என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தக்கலையில் இருந்து உடனே போக முடியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பேச மட்டும் யாராவது வேண்டும் என்றால் 14416, அரசாங்கத்தின் டெலிமானஸ் எண், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், நீங்களும் பேசலாம், அவரும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 104-லும் மனநல ஆலோசனை உண்டு. வீட்டிலோ தோட்டத்திலோ வாழைக்கும் ரப்பருக்கும் வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வெளியே கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். அவருக்குத் துப்பாக்கியோடு காவல் நிற்கும் பாரா டூட்டி வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இதெல்லாம் மிகையான பதற்றம் போலத் தோன்றும். அந்த மாதிரி எண்ணங்கள் அலை போல உச்சத்துக்கு ஏறி இறங்குபவை, அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

சரி, இப்போது அந்த போன்.

கடிதத்தை வைத்து மட்டும் இன்ன நோய் என்று நான் முடிவு சொல்ல மாட்டேன், நேரில் பார்த்துப் பேசித்தான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது: விடிகாலையில் வியர்த்து எழுவது, ஒரு குறிப்பிட்ட சத்தத்துக்கு உடம்பே மாறிப்போவது, அந்தச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது, சட்டென்று எரிந்து விழுவது, எல்லாவற்றுக்கும் மேல் குடி, அதுவும் மாதக் கணக்கில். பிடிஎஸ்டி என்று நாங்கள் சொல்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இப்படித்தான் இருக்கும். சாதாரண நினைவு, நடந்து முடிந்த விஷயமாக மனசில் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பயங்கரமான நினைவு சில நேரம் அப்படி உட்காராமல், இப்போதுதான் நடக்கிறது என்பதுபோல் திரும்பத் திரும்ப வரும். போன் அடித்தால் அவருக்கு அந்த விபத்து "ஞாபகம் வருகிறது" என்று நினைக்காதீர்கள், அந்த ரோட்டில், அந்த ராத்திரியில் திரும்பவும் போய் நிற்கிறது அவருடைய உடம்பு. இதயத் துடிப்பு ஏறும், கை வியர்க்கும். சைலண்ட்டில் போட்டதும் அது அடங்கும், அதனால் அடுத்த முறையும் சைலண்ட்டில்தான் போடுவார். தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வலுக்கிறதே தவிரக் குறைவதில்லை. இதன் நடுவில் மெமோ வருகிறது. மேலதிகாரிக்கு அது ஒழுங்கீனம், இவருக்கு அது தண்டனை, என்னைக் கேட்டால் அது ஒரு அறிகுறி.

அந்தத் தாயிடம் என்ன சொன்னார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாரா தெரியவில்லை. போலீஸ்காரர்களிடம் பேசும்போது நான் கவனித்தது, பிரேதத்தைப் பார்த்ததை விட, அதைத் தூக்கி வண்டியில் ஏற்றியதை விட, வீட்டாருக்குச் சொல்ல வேண்டி வந்த அந்த ஒரு நிமிஷம்தான் பலருக்கும் ஆறாமல் கிடக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மரணச் செய்தியை எப்படிச் சொல்வது என்று பாடம் இருக்கிறது, பக்கத்தில் நர்ஸ் இருப்பார், உட்கார வைத்துச் சொல்ல ஒரு அறை இருக்கும். இவருக்கு இருந்தது இருட்டு ரோடும் அடித்துக்கொண்டிருந்த ஒரு போனும். அதைச் செய்துமுடித்துவிட்டு ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பை (ஜிடி) எழுதி, ஆம்புலன்ஸை அனுப்பி, விசாரணைக்கான பேப்பரைத் தயார் செய்து, காலையில் வேறு டூட்டிக்குப் போயிருப்பார். "எப்பிடி இருக்கீரு" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஒரு ராத்திரி மட்டும்தான் காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 2005-ல் சேர்ந்த ஒருவர் நம் மாவட்டத்தில் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து அழுத பெண்களுக்கு முன்னால் லத்தியோடு நின்றவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று மனசுக்குத் தெரிந்துகொண்டே எதிர்ப் பக்கம் நிற்க வேண்டிய வேலை. 2020 ஜனவரி 8-ஆம் தேதி ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ராத்திரி சோதனைக்கு நிற்கும் எந்தப் போலீஸ்காரருக்கும் நிறுத்தாமல் வரும் ஒரு கார் வெறும் கார் இல்லை. அப்புறம் பந்தோபஸ்து. கோட்டாறு சவேரியார் திருவிழா முடிவதற்குள் கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர் கூட்டம், மார்கழியில் சுசீந்திரம் தேர், நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும், அடுத்து மாசியில் சிவாலய ஓட்டம், மண்டைக்காடு கொடை. 1982 மதக் கலவரத்தை மறக்காத ஊரில் மண்டைக்காட்டு டூட்டி என்றாலே எல்லாருக்கும் நெஞ்சில் ஒரு இறுக்கம் இருக்கும். நமக்குத் திருவிழா வரிசையாகத் தெரிவது போலீஸ் குடும்பத்துக்கு வீட்டுக்காரர் வீட்டில் இல்லாத நாட்களின் வரிசை.

இன்னொன்றும் உண்டு. மற்ற அரசு ஊழியர்கள் வேலைப்பளு தாங்காவிட்டால் சங்கம் வழியாகக் கேட்கலாம், கோஷம் போடலாம். காவல்துறைக்கு 1966-ல் வந்த சட்டம் அதற்குத் தடை வைத்திருக்கிறது, அனுமதி இல்லாமல் சங்கம் கிடையாது, பத்திரிகைக்குப் பேசவும் முடியாது. ஸ்டேஷனில் வாய் திறக்க முடியாததெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டியதும் வெடிக்கிறது. அதனால்தான் இந்த மாதிரிக் கடிதங்களைப் பெரும்பாலும் மனைவிகள் எழுதுகிறார்கள்.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். பையன் லேட்டாக வந்த அந்த நேரம் முழுக்க இவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது, ரோட்டில் கிடந்த பையனின் முகத்தில் தன் மகன் முகம் வந்திருக்கும். வெளியே கோபமாகத் தெரிந்தது உள்ளே பயம். இதைப் புரிந்துகொள்ளச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பிள்ளையை அடிப்பது நிற்க வேண்டும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அதற்கு அனுமதி ஆகாது. அவர் கை ஓங்கினால் பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ உங்கள் அம்மா வீட்டுக்கோ போய்விடுங்கள், குடித்திருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். பையனிடம், "அப்பா ஒரு மோசமான ஆக்சிடெண்ட்டப் பாத்துட்டாங்க, அதுக்கப்புறம் தூக்கம் வரல, அதான் இப்படி இருக்காங்க, இதுல ஒன் தப்பு எதுவும் இல்ல, வைத்தியம் பாக்கப் போறோம்" என்று அவனுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், யாரும் சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

குடி. இதில் ஒரு எச்சரிக்கை, கட்டாயம் படிக்கவும். மாதக் கணக்கில் தினமும் குடிப்பவர் ஒரு நாள் வைராக்கியத்தில் திடீரென்று முழுவதும் நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் வரை போகலாம், அது உயிருக்கே ஆபத்து. அதனால் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்குவதையோ, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வாங்குவதையோ செய்யாதீர்கள். தெரியாமல் கொடுக்கும் அந்த மருந்து சிலருக்குப் பெரிய விபரீதம் ஆகிவிடும். டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறார் என்று உண்மையான அளவைச் சொன்னால், நடுக்கம் வராமல் நிறுத்த மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். மாமியார் நேர்ந்துகொள்வது நேர்ந்துகொள்ளட்டும், அதோடு ஒரு சண்டை வேண்டாம், அவரையும் ஆஸ்பத்திரிக்கு உடன் வரச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் கேட்கிற மகன்கள் நிறைய.

இனி அவருக்கு.

ஏட்டையா, உங்கள் வீட்டில் இதைக் காட்டுவதாகச் சொன்னார்கள், அதனால் உங்களிடமே நேராகப் பேசுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. உங்களுக்கு அடிபட்டிருக்கிறது, வேலையில் அடிபட்டிருக்கிறது. கூட்டத்தில் கல் வந்து மண்டை உடைந்தால் தையல் போடப் போவீர்கள், யாரும் கேவலமாகப் பேச மாட்டார்கள். இதுவும் டூட்டியில் பட்ட அடிதான், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உடனே புரியும். வண்டிச் சோதனையில் ஊதச் சொல்லி, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது காட்டினால் கேஸ் போடுகிறீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 50 மில்லிகிராம் மது ரத்தத்தில் இருப்பவர் அளவுக்கு மந்தமாகிவிடுவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். காலையில் எழுந்து, பகல் டூட்டி பார்த்து, பந்தோபஸ்து நீண்டு நடுராத்திரியில் பைக்கில் வீட்டுக்குத் திரும்பும் போலீஸ்காரர் ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த நிலையில்தான் வண்டி ஓட்டுகிறார். இதில் நீங்கள் தூங்குவதற்காகக் குடிக்கிறீர்கள். மது படுத்ததும் தூங்க வைக்கும், உண்மைதான், ஆனால் ராத்திரியின் இரண்டாவது பாதியில் அது இறங்கும்போது தூக்கத்தைக் கலைத்துவிடும். மூன்று மணிக்கு நீங்கள் எழுவதில் கெட்ட கனவுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் குடிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு இருக்கலாம். ராத்திரி டூட்டி இருக்கும் நாளில் போவதற்கு முன் கொஞ்சம் படுத்து எழுந்திருங்கள். நடுராத்திரிக்குப் பிறகு டீயைக் குறையுங்கள், அதன் பாதி வீரியம் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் படுக்கும் அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் என்று கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கவே வேண்டாம், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

டிபார்ட்மெண்ட்டில் தெரிந்தால் கதை முடிந்தது என்றீர்களாம். அந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் கிண்டல் இருக்கும், "அவன் மெண்டல்" என்று இரண்டு பேர் சொல்வார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. மனநல டாக்டரைப் பார்ப்பது எந்த நடத்தை விதியிலும் குற்றம் இல்லை. 3பி சார்ஜ், அதாவது துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, வருவது குடித்துவிட்டு டூட்டிக்குப் போனால், சொல்லாமல் நின்றுவிட்டால், போனை எடுக்காவிட்டால். வைத்தியம் பார்க்காமல் இருந்தால்தான் வேலைக்கு ஆபத்து, நீங்கள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மெடிக்கல் லீவ் போட வேண்டி வந்தால், சர்டிபிகேட்டில் என்ன எழுதப்போகிறார் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம், அவர்களுக்கு உங்கள் நிலைமை தெரியும்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309-ஆம் பிரிவில் எத்தனையோ கேஸ் உங்கள் கையாலேயே எழுதியிருப்பீர்கள், அதனால் இந்த மாதிரி எண்ணம் வந்ததை ஒரு டாக்டரிடம் சொல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வது போல உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் காலம் போய்விட்டது. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309 அப்படியே இல்லை, பொது ஊழியரைத் தன் பணியில் ஒன்றைச் செய்யக் கட்டாயப்படுத்தவோ செய்ய விடாமல் தடுக்கவோ முயன்றால் மட்டும் தனிப் பிரிவு. மனசில் ஓர் எண்ணம் வந்தது என்பது அன்றைக்கும் குற்றம் இல்லை, இன்றைக்கும் இல்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேலே இருப்பவர்களுக்கெல்லாம் இது வராது என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜூலையில் கோவை சரக டிஐஜியாக இருந்த விஜயகுமாரைத் தற்கொலையில் இழந்தோம். தோளில் எத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று பார்த்து இந்த நோய் வருவதில்லை.

சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டுக் கரண்ட் வைப்பார்கள் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். ஒன்று, பயிற்சி பெற்ற மனநல நிபுணரோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து, அந்த ராத்திரியை ஆரம்பம் முதல் கடைசிவரை, அவசரப்படாமல், அவர் துணையோடு திரும்பத் திரும்பச் சொல்வது. ஏறக்குறைய எட்டில் இருந்து பதினைந்து அமர்வுகள் பிடிக்கும். முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும், அந்த நாட்களில் கனவு அதிகமாவது போலக்கூடத் தோன்றும், அதோடு நின்றுவிட்டால் வீண். போகப் போக அந்த நினைவு வலிக்கும், ஆனால் ஆட்டிப்படைக்காது. போன் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ள வைப்பார்கள், முதலில் மெல்லிய சத்தத்தில், வேறு ரிங்டோனில், வீட்டில் இருக்கும்போது, உங்கள் மனைவி கூப்பிடுவதாக. இரண்டாவது, செர்ட்ராலின் மாதிரி மாத்திரை. அடிமையாக்கும் மாத்திரை இல்லை அது, பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் படுத்தும். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாமல் டாக்டர் சொல்லி நிறுத்த வேண்டும்.

மெமோவுக்கு விளக்கம் எழுதும்போது பொய்க் காரணம் எழுதாதீர்கள், நெட்வொர்க் இல்லை என்று இரண்டாவது தடவை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். "உடல்நலக் குறைவு, சிகிச்சையில் உள்ளேன்" என்று எழுதினால் போதும், என்ன குறைவு என்று விவரிக்க வேண்டாம். உங்கள் எஸ்.ஐ.யோ இன்ஸ்பெக்டரோ காது கொடுத்துக் கேட்பவர் என்றால், கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கி பாரா இல்லாத டூட்டியாகப் போடச் சொல்லுங்கள். தூக்கம் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதே போதுமான காரணம். இதைக் கேட்பதில் ஒரு மானக்கேடும் இல்லை, பொறுப்பானவர்தான் இப்படிக் கேட்பார். வார விடுப்பையும் விட்டுக்கொடுக்காதீர்கள். குமரி மாவட்டத்துக்காரரான சைலேந்திர பாபு டிஜிபியாக இருந்த 2021-ல்தான் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு ஆணை வந்தது. சீசன் நேரத்தில் அது காற்றில் போய்விடுகிறது என்பதும் தெரியும். அந்த நாளைத்தான் ஆஸ்பத்திரிக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு நடத்தும் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் கேட்டால் கொடுங்கள், நல்ல விஷயம்தான், ஆனால் சில நாள் வகுப்பு உங்கள் இப்போதைய நிலைமைக்குச் சிகிச்சை ஆகாது.

இதைப் படிக்கும் இன்ஸ்பெக்டர்கள், டிஎஸ்பிகள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். சின்னப் பிள்ளையின் பிரேதம், எரிந்த பிரேதம், கடலில் இருந்து பல நாள் கழித்து ஒதுங்கிய பிரேதம் என்று ஏதாவது பார்த்துவிட்டு வந்த காவலரை மறுநாள் காலை ரோல்காலில் நிறுத்தாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் தூங்கட்டும். அடுத்த வாரம் கூப்பிட்டு, "தூக்கம் வருதா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, பட்ஜெட் தேவையில்லை. நல்ல ஏட்டு ஒருவர் திடீரென்று போன் எடுக்காமல் போனால், மெமோ எழுதும் முன் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

சகோதரி, திரும்ப உங்களிடம். ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் ஓபி சீட்டு போட்டால் போதும், காசு கிடையாது. அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் கூச்சப்பட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வேறு எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதுவும் வேண்டாம் என்றால் நாகர்கோவிலில் தனியார் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவும் செய்யலாம், நம் ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்கு அங்கே போவது புதிது இல்லை. சாதாரண உடையில் போகட்டும். முதல் தடவை "தூக்கத்துக்குப் பாக்கப் போறோம்" என்று சொல்லியே அழைத்துப் போங்கள், அது பொய்யும் இல்லை. பிரஷரும் சுகரும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். குடும்பத்தில் ஒருவர் வந்து சொல்வதைக் கேட்டு வழி சொல்வது எங்கள் வேலையில் அன்றாடம் நடப்பதுதான். போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: விபத்து நடந்த மாதம், தூக்கம் கெட்டது எப்போதிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது கை நடுங்கியதா, மெமோ வந்த தேதிகள், அந்தச் சர்க்கார் சோலிப் பேச்சை எந்த நாள் சொன்னார், அதற்குப் பிறகு வேறு ஏதாவது சொன்னாரா, சாப்பிடும் மற்ற மாத்திரைகள், அவர்கள் குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்து இறந்திருக்கிறார்களா. டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு அவர் எழுந்து வாசலில் உட்காருவது உங்களுக்குத் தெரிகிறது என்றால், அந்த நேரத்தில் நீங்களும் விழித்துத்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்தே அன்றைக்குப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.